லினக்ஸ்–விண்டோஸ் கோப்புப் பகிர்வு: பிழை எண்ணைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது

பகிர்ந்த ஃபோல்டர் திறக்கவில்லை என்றதும் பலர் ஒரே மாதிரியான மூன்று காரியங்களைச் செய்கிறார்கள். விண்டோஸ் கோப்புப் பகிர்வு நெறிமுறையின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1-ஐ ஆன் செய்கிறார்கள், ஃபோல்டருக்கு 777 (யாரும் எதையும் செய்யலாம் என்ற) அனுமதி கொடுக்கிறார்கள், ஃபயர்வாலை மொத்தமாக அணைத்துவிடுகிறார்கள். மூன்றில் ஒன்று தற்செயலாக வேலை செய்துவிடும். மற்ற இரண்டையும் யாரும் திரும்ப மூடுவதில்லை. 2017 மே மாதம் வானாகிரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) உலகம் முழுக்கப் பரவியது எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி 1 சர்வர் வருவதே இல்லை. லினக்ஸ் பக்கம் இந்தப் பகிர்வைக் கவனிக்கும் சாம்பா நிரலும் 2019-இல் வந்த 4.11 பதிப்பில் அதை இயல்பாக அணைத்துவிட்டது. இரண்டு பக்கமும் மூடிய கதவை நாம் போய்த் திறக்க வேண்டாம்.

நான் இங்கே எடுத்துக்கொள்வது சாதாரணமான ஓர் அமைப்பு. உபுண்டு ஓடும் ஒரு மேசைக் கணினி, முகவரி 192.168.1.20. அதில் சாம்பா நிறுவி "பொது" என்று ஒரு பகிர்வு வைத்திருக்கிறோம், பயனர் பெயர் மலர். எதிரே விண்டோஸ் 11 மடிக்கணினி. கட்டளைகளை உச்சரிப்பாகத் தமிழில் எழுதுகிறேன், டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் எண்ணை எடுங்கள்

ஃபைல் எக்ஸ்ப்ளோரர் காட்டும் செய்தியை நம்பி எதையும் தொடங்காதீர்கள். வெவ்வேறு கோளாறுகளுக்கும் அது ஏறக்குறைய ஒரே வாசகத்தைக் காட்டும். அதற்குப் பதிலாகக் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

நெட் யூஸ் \\192.168.1.20\பொது /யூசர்:மலர்

கணினிப் பெயர் வேண்டாம், எண் முகவரியையே கொடுங்கள். தோற்றால் "சிஸ்டம் எரர்" என்று சொல்லி ஓர் எண்ணைத் தரும். எக்ஸ்ப்ளோரர் தரும் 0எக்ஸ்80070035 போன்ற நீளமான குறியீட்டிலும் அதே எண்தான் ஒளிந்திருக்கிறது. கடைசியில் உள்ள 35 பதினாறடிமான எண், சாதாரணக் கணக்கில் 53. அந்த எண் தெரிந்துவிட்டால் கோளாறு பாதையிலா, பெயரிலா, கடவுச்சொல்லிலா, கோப்பு அனுமதியிலா என்பது தெரிந்துவிடும். மற்ற இடங்களில் கை வைக்கவே வேண்டாம்.

எண் 53: லினக்ஸ் கணினியை எட்டவே முடியவில்லை

கடவுச்சொல், அனுமதி எல்லாம் இன்னும் வெகு தூரம். விண்டோஸ் பவர்ஷெல்லில் "டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் 192.168.1.20 -போர்ட் 445" என்று கொடுத்துப் பாருங்கள். 445 என்பது எஸ்எம்பி பகிர்வு நடக்கும் வாயில் (போர்ட்). பிங் மட்டும் செய்து பார்ப்பது போதாது. பிங் போனாலும் 445 மூடியிருக்கலாம், பிங் போகாவிட்டாலும் 445 திறந்திருக்கலாம்.

விடை ஃபால்ஸ் என்று வந்தால், லினக்ஸ் கணினிக்குப் போய் மூன்று விஷயங்களை இந்த வரிசையில் பாருங்கள். "ஹோஸ்ட்நேம் -ஐ" (பெரிய ஐ) கொடுத்து முகவரி மாறிவிட்டதா என்று முதலில் பாருங்கள். நேற்று வேலை செய்தது இன்று செய்யவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான், ரவுட்டர் வேறு முகவரி கொடுத்திருக்கும். ரவுட்டர் அமைப்பில் அந்தக் கணினிக்கு ஒரே முகவரியை ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை திரும்ப வராது. அப்புறம் "சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் எஸ்எம்பிடி" கொடுத்து சாம்பா ஓடுகிறதா என்று பாருங்கள். உபுண்டு, டெபியனில் அந்தச் சேவையின் பெயர் எஸ்எம்பிடி, ஃபெடோராவில் கடைசி எழுத்து இல்லாமல் எஸ்எம்பி. மூன்றாவது ஃபயர்வால். உபுண்டுவில் "சூடோ யூஎஃப்டபிள்யூ அலவ் சாம்பா" என்ற ஒரு வரி போதும், முழு ஃபயர்வாலையும் அணைக்க வேண்டியதில்லை. ஃபெடோராவில் ஃபயர்வால்-சிஎம்டி வழியாக சாம்பா சேவையைச் சேர்த்து ரீலோட் செய்ய வேண்டும்.

இவை மூன்றும் சரியாக இருந்தும் ஃபால்ஸ் என்றே வந்தால் வைஃபையைச் சந்தேகப்படுங்கள். மடிக்கணினி ரவுட்டரின் விருந்தினர் வைஃபையில் இணைந்திருந்தால், இணையம் நன்றாகவே ஓடும், ஆனால் வீட்டுக்குள் இருக்கும் மற்ற கணினிகள் கண்ணில் படாது. அது கோளாறு இல்லை, விருந்தினர் வைஃபையை அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

எண் முகவரிக்குத் திறக்கிறது, கணினிப் பெயருக்கு மட்டும் 53 வருகிறது என்றால் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்கும் இடத்தில்தான் சிக்கல். பெயருக்குப் பின்னால் ".லோக்கல்" சேர்த்துப் பாருங்கள். உபுண்டு டெஸ்க்டாப்பில் ஆவஹி என்ற சேவை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும், விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் அந்த முறை புரியும்.

"நெட்வொர்க்" பட்டியலில் காணவில்லை, முகவரி தட்டினால் திறக்கிறது

பழைய காலத்தில் கணினிகள் நெட்பயாஸ் வழியாகத் தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தன. சாம்பாவில் அந்த வேலையை என்எம்பிடி பார்க்கிறது. எஸ்எம்பி 1 போனதோடு விண்டோஸ் அந்தப் பட்டியலையும் கைவிட்டு டபிள்யூஎஸ்-டிஸ்கவரி என்ற வேறு முறைக்குப் போய்விட்டது. சாம்பா மட்டும் நிறுவியிருந்தால் அந்த மொழி லினக்ஸ் கணினிக்குத் தெரியாது. டபிள்யூஎஸ்டிடி என்ற சிறிய நிரலை நிறுவி, யூடிபி 3702, டிசிபி 5357 ஆகிய வாயில்களை ஃபயர்வாலில் திறந்தால் பட்டியலில் தெரியும்.

என் கருத்தைக் கேட்டால், இதற்கு மெனக்கெடவே வேண்டாம். எக்ஸ்ப்ளோரரில் "மேப் நெட்வொர்க் டிரைவ்" கொடுத்து இசட் டிரைவாக ஒரு முறை இணைத்துவிட்டால், அதன் பிறகு யாரும் அந்தப் பட்டியலைப் பார்க்கப் போவதில்லை.

எண் 67: கணினி கிடைத்தது, பகிர்வு கிடைக்கவில்லை

பகிர்வின் பெயரைத் தவறாகத் தட்டியிருக்கலாம். அல்லது சாம்பாவின் அமைப்புகள் உள்ள எஸ்எம்பி.கான்ஃப் கோப்பில் ஏதோ எழுத்துப் பிழை. லினக்ஸில் "டெஸ்ட்பார்ம்" கட்டளையைக் கொடுங்கள், சாம்பா அந்தக் கோப்பை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறது என்று வரிவரியாகக் காட்டும். அங்கே பகிர்வு சரியாக இருந்தும் 67 வந்தால், அது சுட்டும் ஃபோல்டர் உண்மையிலேயே அந்த இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளி ஹார்ட் டிஸ்க்கைப் பகிர்ந்துவிட்டு, கணினியை மறுபடி இயக்கியபின் டிஸ்க் மவுண்ட் ஆகாமல் (ஒரு ஃபோல்டரோடு இணையாமல்) கிடப்பது அடிக்கடி நடக்கும்.

எண் 1326 அல்லது 86: பயனர் பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை

லினக்ஸில் நுழையும் கடவுச்சொல் வேறு, சாம்பாவின் கடவுச்சொல் வேறு. இதைத்தான் புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். விண்டோஸ் கேட்கும் விதத்தில் சரிபார்க்க சாம்பாவுக்குத் தனியாக ஒரு கடவுச்சொல் குறிப்பு தேவைப்படுகிறது. லினக்ஸ் சேமித்து வைத்திருக்கும் வடிவம் அதற்கு உதவாது. எனவே மலர் என்ற பயனர் லினக்ஸில் முதலில் இருக்க வேண்டும், அப்புறம் சாம்பாவிலும் ஒரு முறை சேர்க்க வேண்டும்:

சூடோ எஸ்எம்பிபாஸ்வ்ட் -ஏ மலர்

யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்பதைப் "பிடிபிஎடிட் -எல்" (பெரிய எல்) காட்டும்.

பயனர் அங்கே இருக்கிறார், கடவுச்சொல்லும் சரிதான், இருந்தும் மறுக்கிறதா? விண்டோஸ் பழைய கடவுச்சொல்லை ஞாபகம் வைத்திருக்கும். கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் பகுதியில் 192.168.1.20-க்கான பதிவை நீக்குங்கள். திரும்பக் கேட்கும்போது பயனர் பெயரை 192.168.1.20\மலர் என்று முன்னொட்டோடு கொடுங்கள். வெறும் மலர் என்று கொடுத்தால் தன் கணினியில் உள்ள மலர் என்றே விண்டோஸ் எடுத்துக்கொள்வதுண்டு.

எண் 1219 வந்தால் கடவுச்சொல்லில் பிழை இல்லை. ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பயனர் பெயர்களில் போக விண்டோஸ் விடாது. "நெட் யூஸ் * /டெலீட்" கொடுத்து எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். திறந்திருக்கும் கோப்புகளை முதலில் சேமித்துவிடுங்கள்.

எண் 1272: விருந்தினர் அனுமதி மறுக்கப்பட்டது

"உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது" என்ற பொருளில் ஒரு செய்தி வரும். வீட்டுக் கணினியில் எந்த நிறுவனம் என்று குழம்ப வேண்டாம். கடவுச்சொல் இல்லாத விருந்தினர் பகிர்வை விண்டோஸ் மறுக்கிறது, அவ்வளவுதான். விண்டோஸ் 11 ப்ரோவில் 24எச்2 பதிப்பிலிருந்து இதுதான் இயல்பு. அதே பதிப்பு, போய்வரும் ஒவ்வொரு செய்தியிலும் மின்கையெழுத்து இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. கடவுச்சொல் இல்லாத இணைப்பில் அந்தக் கையெழுத்தைப் போடவே வழியில்லை. அப்டேட் ஆனதும் பகிர்வு நின்றுபோனது என்று சொல்பவர்களில் பலருக்கும் காரணம் இதுதான்.

ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றி இதைச் சுற்றிக்கொண்டு போகலாம். நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். ஒரு சாம்பா பயனரை உருவாக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பகிர்வில் "கெஸ்ட் ஓகே" வரியை எடுத்துவிட்டு, "வேலிட் யூசர்ஸ் = மலர்" என்று சேர்த்துவிடுங்கள்.

எண் 5: உள்ளே போகவோ, எழுதவோ முடியவில்லை

அதிக நேரத்தை விழுங்குவது இதுதான். 777 போடத் தூண்டுவதும் இதுதான்.

நண்பர் ஒருவரின் அச்சகத்தில் இந்தக் கோளாறோடு ஒரு நாள் முழுக்கப் போராடினேன். வடிவமைப்பு செய்யும் இரண்டு விண்டோஸ் கணினிகள், கோப்புகளை வைத்துக்கொள்ள ஒரு உபுண்டு கணினி. பகிர்வு தெரிந்தது, கடவுச்சொல்லை ஏற்றது, திறந்தால் அனுமதி மறுப்பு. பகிர்ந்த ஃபோல்டருக்கு எல்லா அனுமதியும் கொடுத்தாகிவிட்டது, பயனில்லை. கடைசியில் பார்த்தால், தடை அந்த ஃபோல்டரில் இல்லை, அதற்கு மேலே இருந்தது. ஃபோல்டர் முதலாளியின் ஹோம் ஃபோல்டருக்குள் இருந்தது. உபுண்டு 21.04-இலிருந்து புதிதாக உருவாகும் ஹோம் ஃபோல்டரின் அனுமதி 750. அதாவது வேறு பயனர் யாரும் அதைத் தாண்டி உள்ளே கால் வைக்கவே முடியாது. உள்ளே இருக்கும் ஃபோல்டருக்கு 777 கொடுத்து என்ன பயன்? தெருக்கதவு பூட்டியிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கட்டளை இருக்கிறது: "நேம்ஐ -எல்", அதற்குப் பின் பகிர்வின் முழுப் பாதை. மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு படியின் உரிமையாளரையும் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். எந்தப் படியில் எக்ஸ் (உள்ளே நுழையும்) அனுமதி இல்லையோ அங்கேதான் தடை. வெளி டிஸ்க்குகளிலும் இதே கதை உண்டு. டெஸ்க்டாப்பில் சொருகியதும் தானாக மவுண்ட் ஆகும் டிஸ்க், மீடியா ஃபோல்டருக்குள் அந்தப் பயனருக்கு மட்டும் திறக்கும் இடத்தில் போய் உட்காரும். அது என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் டிஸ்க் என்றால் அனுமதியை மாற்றும் சிஹெச்மாட் கட்டளையைக் கொடுத்தும் பொதுவாகப் பலன் இருக்காது. எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டாப் கோப்பில் நிலையான ஓர் இடத்தையும், யுஐடி, ஜிஐடி (பயனர் எண், குழு எண்) மதிப்புகளையும் கொடுத்து மவுண்ட் செய்ய வேண்டும்.

பகிர்வை ஹோமில் வைக்காமல் /எஸ்ஆர்வி/பொது என்ற இடத்தில் வைப்பதே நல்லது. ஒரு குழுவை உருவாக்கி, தேவையானவர்களை அதில் சேர்த்து, ஃபோல்டரை அந்தக் குழுவுக்குக் கொடுத்து, அனுமதியை 2775 ஆக்குங்கள். முன்னால் நிற்கும் 2 முக்கியம். உள்ளே புதிதாக உருவாகும் எல்லாமும் அதே குழுவுக்குச் சேரும். எஸ்எம்பி.கான்ஃப் கோப்பில் பகிர்வுக்குக் கீழே "ரீட் ஒன்லி = நோ", "கிரியேட் மாஸ்க் = 0664", "டைரக்டரி மாஸ்க் = 2775" என்ற மூன்று வரிகளும் வேண்டும். முதல் வரி இல்லாவிட்டால் சாம்பா எழுதவே விடாது, வாசிக்க மட்டும்தான் விடும். மற்ற இரண்டும் இல்லாவிட்டால், ஒருவர் போட்ட கோப்பை இன்னொருவர் திருத்த முடியாது. "நான் சேமித்ததை அவரால் மாற்ற முடியவில்லை" என்ற புகாரின் வேர் அங்கேதான். மாற்றியதும் எஸ்எம்பிடி சேவையை ரீஸ்டார்ட் செய்ய மறக்காதீர்கள்.

ஃபெடோரா போன்றவற்றில் அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் எண் 5 வந்தால் காரணம் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்காக இருக்கும். அதை அணைத்துவிடாதீர்கள். அந்த ஃபோல்டருக்கு சாம்பா_ஷேர்_டி என்ற அடையாளத்தைக் கொடுத்து, ரெஸ்டோர்கான் ஓட்டினால் போதும்.

கோப்பு நகலாகவில்லை, அல்லது பெயர் சிதைந்து தெரிகிறது

நம்மைப் போலத் தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஆங்கில வழிகாட்டிகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை.

விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஒரு பெயருக்கு 255 குறிகளை அனுமதிக்கிறது. லினக்ஸின் இஎக்ஸ்டி4 அனுமதிப்பது 255 பைட்டுகளை. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றுதான். தமிழிலோ யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட், அதிலும் தி, ழை, ப் போன்ற எழுத்துகள் இரண்டிரண்டு குறிகள். "திருமண அழைப்பிதழ்" என்ற பத்தெழுத்துப் பெயரே இடைவெளியோடு 49 பைட் ஆகிவிடுகிறது. ஆகவே லினக்ஸில் தமிழுக்குக் கிடைப்பது 85 குறிகள் மட்டும்தான். அச்சகத்தில் நூல் பெயர், ஆசிரியர் பெயர், பதிப்பு, தேதி எல்லாவற்றையும் கோப்புப் பெயரிலேயே வைக்கும் வழக்கம் இருந்தது. விண்டோஸில் சிக்கலில்லாமல் இருந்த கோப்பு பகிர்வுக்கு நகலாக மறுத்தது அதனால்தான். பெயரைச் சுருக்கி, மீதி விவரத்தை ஃபோல்டர் பெயராக்கினோம், சரியாகிவிட்டது. ஒவ்வொரு ஃபோல்டர் பெயருக்கும் தனியாக 255 பைட் உண்டு.

இன்னொன்று, ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் தெரிவது. "கொ" என்பதைக் க-வோடு ொ என்ற ஒரே குறியைச் சேர்த்தும் எழுதலாம், ெ, ா என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்கு அவை வெவ்வேறு பெயர்கள். பழைய மேக் கணினிகளிலிருந்து வந்த கோப்புகளில் இரண்டாவது வடிவம் இருக்கும். தேடினால் அகப்படாது. லினக்ஸில் கான்வ்எம்வி என்ற கருவியை என்எஃப்சி (ஒரே குறியாகச் சேர்த்து எழுதும் வடிவம்) தெரிவோடு ஓட்டினால் எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். முதலில் என்ன மாற்றப் போகிறது என்று காட்டும், "நோடெஸ்ட்" என்று சேர்த்தால்தான் உண்மையில் மாற்றும்.

லினக்ஸில் வைத்த பெயரில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி இருந்தால் விண்டோஸில் அலைக்குறியோடு கூடிய புரியாத பெயராகத் தெரியும். அந்தக் குறிகளை எடுத்துவிடுங்கள்.

எதிர்த்திசை: லினக்ஸிலிருந்து விண்டோஸ் பகிர்வுக்கு

இங்கும் எண்தான் வழிகாட்டி. விண்டோஸ் பகிர்வை லினக்ஸில் இணைக்கும் "மவுண்ட் -டி சிஐஎஃப்எஸ்" கட்டளை தோற்றால் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் வரும். எண்ணே இல்லாமல் "பேட் ஆப்ஷன், பேட் சூப்பர்பிளாக்" என்று வந்தால் சிஐஎஃப்எஸ்-யுடில்ஸ் தொகுப்பை நிறுவவில்லை என்று பொருள்.

115 வந்தால் விண்டோஸ் ஃபயர்வால் தடுக்கிறது. அந்த நெட்வொர்க் "பப்ளிக்" என்று பதிவாகியிருக்கும், செட்டிங்ஸில் "பிரைவேட்" ஆக்கி, கோப்புப் பகிர்வை ஆன் செய்யுங்கள். 112 என்றால் பெரும்பாலும் எஸ்எம்பி பதிப்பு பொருந்தவில்லை, எதிரே இருப்பது மிகப் பழைய கணினியாக இருக்கும். 2 என்றால் பகிர்வின் பெயர் தவறு.

13 என்றால் கடவுச்சொல். விண்டோஸில் நுழையப் பயன்படுத்தும் பின் எண் நெட்வொர்க்கில் செல்லாது, அது அந்தக் கணினிக்கு மட்டுமானது. கடவுச்சொல்லே இல்லாத கணக்கையும் நெட்வொர்க் வழியே வர விண்டோஸ் விடாது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு மல்லுக்கட்டுவதைவிட, விண்டோஸில் பகிர்வுக்கென்றே ஒரு லோக்கல் கணக்கை உருவாக்குவது எளிது. அந்தக் கணக்குக்கு ஷேரிங் தாவலிலும் செக்யூரிட்டி தாவலிலும் அனுமதி கொடுங்கள். இரண்டில் எது குறைவோ அதுவே செல்லும். காரணம் இன்னும் பிடிபடவில்லை என்றால் லினக்ஸ் கெர்னலின் செய்திகளைக் காட்டும் "சூடோ டிமெஸ்க்" கட்டளையின் கடைசி வரிகளைப் பாருங்கள், லாகான் ஃபெயிலியரா, கடவுச்சொல் காலாவதியா என்று அங்கே தெளிவாக எழுதியிருக்கும்.

மவுண்ட் ஆகிவிட்டது, ஆனால் ரூட் (நிர்வாகிக் கணக்கு) மட்டும்தான் எழுத முடிகிறது என்றால் மவுண்ட் தெரிவுகளில் "யுஐடி=1000, ஜிஐடி=1000" சேர்க்க வேண்டும். 1000 என்பது உபுண்டுவில் முதல் பயனரின் எண், உங்களுடையதை "ஐடி" கட்டளை சொல்லும்.

லினக்ஸ் கணினி தொடங்கும்போது நீண்ட நேரம் நின்று, சில சமயம் மீட்பு நிலைக்கே போய்விட்டால், எஃப்எஸ்டாப் கோப்பில் உள்ள விண்டோஸ் பகிர்வின் வரியைப் பாருங்கள். அந்த நேரத்தில் விண்டோஸ் கணினி அணைந்திருக்கும், லினக்ஸ் அதற்காகக் காத்திருக்கும். அந்த வரியில் "நோஃபெயில்", "_நெட்டெவ்", "எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்" மூன்றையும் சேர்த்தால், ஃபோல்டரை யாராவது திறக்கும்போது மட்டுமே இணைக்க முயலும். கடவுச்சொல்லை அந்த வரியிலேயே எழுதாதீர்கள், எஃப்எஸ்டாப் கோப்பை எல்லாரும் வாசிக்கலாம். தனிக் கோப்பில் எழுதி, அதற்கு 600 அனுமதி கொடுத்து, "கிரெடென்ஷியல்ஸ்=" என்று அதன் பாதையைக் காட்டிவிடுங்கள். பிறகு கணினியை ரீஸ்டார்ட் செய்யாமலேயே "சூடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்", அடுத்து "சூடோ மவுண்ட் -ஏ" கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம்.